அத்தைகளைக் கேட்டால் தெரியும்: குடும்பத்தில் வரும் மறதிநோயின் தடம்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில், குறிஞ்சிப்பாடிக்குச் சற்று முன்னால் இருக்கிறது குள்ளஞ்சாவடி. சுற்றிலும் முந்திரித் தோப்புகள். மேற்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். இந்த வட்டாரத்தில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து, “இன்னார் உங்களுக்கு என்ன முறை வேணும்?” என்று கேட்டால் போதும். தாத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், யாருக்கு எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்தப் பங்காளி எந்தத் தகராறில் பிரிந்துபோனார், குலதெய்வம் எந்த ஊர் எல்லையில் இருக்கிறது என்று நான்கு தலைமுறையைத் தடையில்லாமல் சொல்வார்.

அதே பெரியவரிடம், “உங்க குடும்பத்துல யாருக்காவது அம்பது வயசுலயே ஞாபகம் தப்பிப்போச்சா?” என்று கேட்டால் பதில் தயங்கித் தயங்கித்தான் வரும். பெரியம்மா ஒருத்தி கடைசிக் காலத்தில் ஒரு மாதிரி இருந்தாள் என்பார். சித்தப்பாவுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள் என்பார். வயசானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று முடித்துக்கொள்வார்.

நரம்பியல் மருத்துவருக்கு வேண்டியது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான். தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் மறதிநோயைத் தேடும் வேலை எல்லா நாட்டிலும் குடும்பத்தாரின் வாய்மொழியில்தான் தொடங்கியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை அதற்குப் பிறகு வந்தது. முறை சொல்லத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிடம் அந்தத் தேடலுக்கான பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. மீதிப் பாதி எங்கே விடுபடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

எது குடும்பத்தில் வருவது?

முதலில் ஒரு பயத்தைக் களைந்துவிடலாம். தாத்தாவுக்கு எண்பது வயதில் மறதி வந்தது என்பதால் பேரனுக்கும் வந்தே தீரும் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இருப்பதாக, நாடு தழுவிய முதியோர் ஆய்வின் கணிப்பு 2023-ல் வெளியானது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது கூடுதலாக இருந்தது. 1990-களில் சென்னையை அடுத்த திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் 60 வயதைத் தாண்டிய 750 பேரைப் பரிசோதித்த மருத்துவர்கள் 3.5 சதவீதம் பேரிடம் நோயைக் கண்டார்கள். கிராமத்தில் இந்த நோயே கிடையாது என்ற நினைப்பு அப்போதே பொய்த்துப்போனது.

இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வந்திருப்பது முதுமையோடு சேர்ந்து வரும் நோய். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிறு சிறு பக்கவாதங்கள், காது கேளாமை, பள்ளிப் படிப்பு இல்லாமை, அவற்றோடு பல மரபணுக்களின் சிறு சிறு பங்கு என்று பலவும் கூடி வருவது அது. டிமென்ஷியாவின் முக்கிய வகை அல்சைமர். ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாக இறங்கும் அல்சைமர், மொத்த அல்சைமர் நோயாளிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு.

அந்தச் சிறுபான்மையைக் காட்டிக்கொடுப்பது வயது. பரம்பரை அல்சைமர் பெரும்பாலும் 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1901-ல் பிராங்பர்ட் மருத்துவமனையில் பார்த்து, 1906-ல் உலகுக்கு அறிவித்த முதல் நோயாளி அகஸ்டே டீட்டருக்கே அனுமதிக்கப்பட்டபோது வயது 51தான். தொடக்கத்தில் இது நடுவயதில் வரும் அபூர்வ நோயாகத்தான் கருதப்பட்டது. முதியோரின் மறதியும் பெருமளவு இதே நோய்தான் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே புரிந்தது.

நடுவயது அல்சைமருக்குக் காரணமான மூன்று மரபணுக்கள் தெரியும். 21-வது குரோமோசோமில் இருக்கும் ஏபிபி, 14-வதில் இருக்கும் பிரிசெனிலின்-1, முதலாவதில் இருக்கும் பிரிசெனிலின்-2. மூன்றுமே மூளையில் அமிலாய்டு என்ற புரதத் துண்டு உருவாவதோடு தொடர்புடையவை. இவற்றில் ஒன்று பிறழ்ந்தால் அந்தத் துண்டு அளவிலோ தன்மையிலோ மாறி, நரம்புச் செல்களுக்கு இடையே படியத் தொடங்குகிறது. நோய் வெளியே தெரிவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பே இந்தப் படிவு ஆரம்பித்துவிடும்.

நம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இந்த மூன்று மரபணுக்களில் பிறழ்ந்த பிரதி ஒன்றே ஒன்று வந்தாலும் போதும், நோய் வந்துவிடும். பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50 சதவீதம். ஒவ்வொரு பிறப்பிலும் நாணயத்தைப் புதிதாகச் சுண்டிப் போடுவது போலத்தான் இது. மூத்தவருக்கு வந்துவிட்டது என்பதால் இளையவர் தப்பிவிட்டார் என்றோ, மூத்தவர் தப்பிவிட்டார் என்பதால் இளையவருக்கு வரும் என்றோ கணக்குப் போட முடியாது. அந்த மாற்றத்தைப் பெறாத பிள்ளையோடு அந்தக் கிளையில் நோய் முடிந்துபோகும். பேரப்பிள்ளைகளுக்கு அது தாவாது.

மெடலின் மலைகளில் ஒரு தேடல்

குடும்ப வரலாறு ஒரு நோயை எப்படிக் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்பதற்கு, தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டின் ஆன்டியோக்கியா மலைப்பகுதி பெரிய சான்று. 1980-களின் தொடக்கத்தில், மெடலின் நகரத்து இளம் நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேராவிடம் நடுவயது விவசாயி ஒருவர் ஞாபகம் தப்பிய நிலையில் அழைத்துவரப்பட்டார். அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே வயதில் அப்படித்தான் ஆனது என்றார்கள் உறவினர்கள். ஊர் மக்கள் அதற்குச் சொன்ன காரணங்கள் நமக்குப் பழக்கமானவை. சாபம் என்றார்கள், சூனியம் என்றார்கள், தொடக்கூடாத மரத்தைத் தொட்டதால் வந்தது என்றார்கள்.

லொபேரா அந்தக் குடும்பங்களின் ஊர்களுக்கே போனார். மருத்துவக் குழுவினர் வீடு வீடாக உட்கார்ந்து யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு எந்த வயதில் என்ன ஆனது என்று எழுதினார்கள். தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். தனித்தனியாகத் தெரிந்த சுமார் 25 குடும்பங்கள் மேலே போகப் போக ஒரே மூதாதையரிடம் இணைந்தன. இன்று அந்த வம்சத்தில் சுமார் 6,000 பேர் இருக்கிறார்கள். இந்த நோய்க்கான மரபணு மாற்றத்தைச் சுமக்கும் வம்சங்களில் உலகில் இதுவே மிகப் பெரியது.

1995-ல் பிரிசெனிலின்-1 மரபணு அடையாளம் காணப்பட்டபோது இந்தக் குடும்பங்களின் மாற்றமும் தெரியவந்தது. அந்தப் புரதத்தின் 280-வது இடத்தில் இருக்க வேண்டிய ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. அதைச் சுமப்பவர்களுக்குச் சராசரியாக 44 வயதில் தடுமாற்றம் தொடங்கி, 49 வயதில் முழு டிமென்ஷியாவாகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஒருவரிடமிருந்து சுமார் 375 ஆண்டுகளுக்கு முன் இது தொடங்கியிருக்கலாம் என்பது மரபியலாளர்களின் கணிப்பு.

இந்த வம்சத்தில் ஒரு பெண்மணி எல்லாக் கணக்கையும் தாண்டி நின்றார். மாற்றம் அவரிடம் இருந்தது. மூளை நிறைய அமிலாய்டும் இருந்தது. ஆனால் உறவினர்களைவிட ஏறக்குறைய 30 ஆண்டுகள் தாமதமாக, எழுபது வயதுக்குப் பிறகே அவருக்கு நினைவு தளரத் தொடங்கியது. ஏபிஓஇ என்ற வேறொரு மரபணுவில் ‘கிறைஸ்ட்சர்ச்’ எனப்படும் அபூர்வ மாற்றம் அவருக்கு இரண்டு பிரதிகளிலும் இருந்ததை 2019-ல் அறிவித்தார்கள். அதைப் பின்பற்றி மருந்து உருவாக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. குடும்பத்தில் யாருக்கு நோய் வந்தது என்பதோடு, வர வேண்டிய வயதில் யாருக்கு வரவில்லை என்பதும் அந்த வரைபடத்தில் இருந்ததால்தான் இது கண்ணில் பட்டது.

இங்கிலாந்திலும் தொடக்கம் ஒரு குடும்பம்தான். 1980-களின் நடுவில் கேரல் ஜென்னிங்ஸ் என்ற ஆசிரியையின் தந்தைக்கும், தந்தையோடு பிறந்த சிலருக்கும் ஐம்பதுகளிலேயே அல்சைமர் வந்தது. இது தற்செயலாக இருக்க முடியாது என்று எண்ணி, 1986-ல் லண்டன் ஆய்வாளர்களுக்கு அவரே கடிதம் எழுதினார். ஜான் ஹார்டி, அலிசன் கோட் ஆகியோர் அடங்கிய குழு அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து, ஏபிபி மரபணுவின் பிறழ்வை 1991-ல் வெளியிட்டது. அல்சைமருக்கு நேரடிக் காரணமாக நிரூபிக்கப்பட்ட முதல் மரபணு மாற்றம் அது. தனக்கு அது இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டாம் என்றே கேரல் முடிவெடுத்தார். பின்னாளில் அவருக்கும் நோய் வந்தது. 2024 மார்ச்சில் இறந்தார்.

தமிழ்நாட்டில் நடந்த தேடல்

நம் மண்ணில் இதே முறையில் தடம் பிடிக்கப்பட்ட பரம்பரை மூளை நோய் ஒன்று உண்டு. அது மறதிநோய் இல்லை, அதற்கு மிக நெருங்கிய உறவு. எஸ்சிஏ-1 எனப்படும் அந்த நோயில் சிறுமூளை தேய்ந்துகொண்டே போகும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், கையால் குவளையைப் பிடிப்பதே சிரமமாகும். இதுவும் பிறழ்ந்த பிரதி ஒன்றிருந்தாலே வந்துவிடும் நோய்தான். பெரும்பாலும் பிள்ளை பெற்று வளர்த்த பிறகு, நடுவயதில்தான் தெரியவரும். தமிழ் பேசும் ஒரு தனித்த சமூகக் குழுவில் இந்த நோய் 7.2 சதவீதம் பேரிடம் இருப்பதை 2005-ல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வந்த ஆய்வு தெரிவித்தது. உலகின் பிற பகுதிகளில் இது லட்சத்தில் ஓரிருவருக்கு வருகிற நோய்.

வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இதை மேலும் ஆராய்ந்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊசி போட்டு ரத்தம் எடுக்காமல், வாய் கொப்பளித்த நீரில் உதிரும் செல்களிலிருந்தே டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள்.

ஒரு குழுவில் மட்டும் இவ்வளவு அதிகமாக இருப்பது ஏன்? பல தலைமுறைக்கு முன் ஒருவரிடம் தோன்றிய மாற்றம், வெளியே பெண் கொடுக்காமல் எடுக்காமல் தங்களுக்குள்ளேயே கலந்த ஒரு கூட்டத்தில் பெருகிவிட்டது. இந்தியா முழுக்கவே இது உண்மை. தென்னாசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஹைதராபாத்தின் உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ் முக்கியப் பங்காற்றினார். 81 குழுக்களில் இந்த மூதாதையர் விளைவு ஃபின்லாந்து மக்களிடமும் அஷ்கனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட வலுவாக இருந்தது. உலக மரபியல் நூல்கள் எடுத்துக்காட்டும் சமூகங்களே அந்த இரண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. பரம்பரை நோய் என்றதும் ‘அக்கா மகளைக் கட்டியதால் வந்தது’ என்று பழி அங்கே போகும். இரண்டு பிரதிகளும் பிறழ்ந்தால்தான் வரும் நோய்களுக்கு அது சரி. தாயும் தந்தையும் ஒரே பாட்டியிடமிருந்து ஒரே பிறழ்ந்த பிரதியைப் பெற்றிருக்கலாம். ஆனால் ஒரு பிரதியே போதும் என்கிற நடுவயது அல்சைமருக்கு இது பொருந்தாது. எத்தனை தூரத்து ஊரில் பெண் எடுத்திருந்தாலும், சாதி மாறிக் கல்யாணம் செய்திருந்தாலும் அந்த 50 சதவீதம் மாறாது. சொந்தத்தில் கட்டிய தாய் தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்த நோயில் அநியாயம்.

பங்காளிப் பட்டியலின் ஓட்டை

கொலம்பியாவுக்குத் தேவாலயப் பதிவேடு இருந்தது. குள்ளஞ்சாவடிக்கும் வடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் என்ன இருக்கிறது? குலதெய்வக் கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலிட்டுக் கிடா வெட்ட, சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து கூடுகிறார்கள். தலைக்கட்டு வரிக்கு எழுதிய நோட்டு ஒன்று யாரிடமாவது இருக்கும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு ஊரே இடம்பெயர்ந்த நெய்வேலிப் பகுதிக் குடும்பங்களுக்கு, சிதறியவர்கள் ஒன்றுசேரும் இடம் பல நேரங்களில் அந்தக் கோயில்தான்.

ஆனால் அந்த நோட்டில் பாதிப் பேர் இல்லை. கல்யாணமான பெண் கணவனின் குலதெய்வத்துக்குப் போய்விடுகிறாள். அவளுடைய பிள்ளைகள் வேறு பங்காளிக் கூட்டத்தின் கணக்கு. ஏபிபியும் பிரிசெனிலினும் ஆண்வழி பெண்வழி பார்ப்பதில்லை. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு இறங்கிய அதே வாய்ப்பில்தான் அத்தைக்கும் இறங்கியிருக்கும். அத்தைக்கு ஐம்பத்திரண்டு வயதில் என்ன ஆனது என்பது அவளைக் கட்டிக்கொடுத்த ஊரில், இன்னொரு குடும்பத்தின் ரகசியமாக முடங்கிவிடும். ‘அவங்க வீட்டுல யாருக்கோ இருந்திருக்கும்’ என்று புகுந்த வீடு சொல்லும். பிறந்த வீட்டுக்குச் சேதியே வராது.

நோயை ஆண்வழியில் மட்டும் தேடினால் மூன்று பேர் கிடைக்குமிடத்தில் ஒருவர்தான் கிடைப்பார். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு பரம்பரை நோய் என்று மருத்துவர் எளிதில் சந்தேகிக்கமாட்டார். இந்தியக் குடும்பங்களில் நடுவயது மறதி கண்டுகொள்ளப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் குடும்ப வரைபடம் போட உட்காருபவர்கள் அத்தைகளிடமும் பெரியம்மா, சின்னம்மாக்களிடமும் முதலில் போக வேண்டும். காகிதத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. உலகமெங்கும் மருத்துவர்கள் போடும் படம் இதுதான். மூன்று தலைமுறையாவது வேண்டும். நோய் வராதவர்களையும் விடாமல் எழுத வேண்டும்.

உதவிக்குக் காகிதங்கள் வீட்டிலேயே உண்டு. வாரிசுச் சான்றிதழில் மகள்களின் பெயரும் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும் பெண்பிள்ளைகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்லும். பழைய மொய் நோட்டு தாய்மாமன் வழியையும் சம்பந்தி வழியையும் ஊர் பெயரோடு காட்டும். கருமாதிப் பத்திரிகை இறந்த தேதியைத் தரும். சுரங்கத்திலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்தவர் என்றால், பணிப் பதிவேட்டில் பிறந்த தேதியும், உடல்நிலையால் வேலையைவிட்டு நின்றிருந்தால் அந்த நாளும் இருக்கும்.

கடினமானது வயதைக் கண்டுபிடிப்பது. பிறந்த ஆண்டு தெரியாதவர்களிடம் நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்கலாம். சில்லறை எண்ணத் தடுமாறியது 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததற்கு முன்பா, பின்பா? ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தது 2004 சுனாமி வந்தபோதா? எம்ஜிஆர் இறந்த 1987-ல் அவர் தனியாகப் பேருந்தேறிச் சந்தைக்குப் போய்வந்தாரா? மருத்துவருக்கு வேண்டியது இறந்த வயதைவிட, முதல் தடுமாற்றம் தெரிந்த வயது.

‘மறதி’ என்று மட்டும் கேட்டால் சிலர் விடுபட்டுப்போவார்கள். நெற்றிப்பக்க மூளையைத் தாக்கும் டிமென்ஷியாவில் ஞாபகம் நன்றாகவே இருக்கலாம், குணம்தான் மாறும். கண்ணியமாக வாழ்ந்தவர் ஐம்பத்தைந்து வயதில் கூச்சமின்றிப் பேசுவார், கடையில் பொருளை எடுத்துக்கொண்டு காசு தராமல் நடப்பார், சொத்தை அழிப்பார். குடும்பம் அவரைக் ‘கெட்டுப்போனவர்’ என்று ஒதுக்கியிருக்கும். இது மற்ற டிமென்ஷியாக்களைவிட அதிகமாகக் குடும்பங்களில் வரக்கூடியது. நாற்பதுகளிலேயே பக்கவாதம், அதற்கு முன் பல ஆண்டு ஒற்றைத் தலைவலி என்று ஒரு குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால், அது நாட்ச்-3 என்ற மரபணுவால் வரும் காடசில் நோயாக இருக்கலாம். அதுவும் டிமென்ஷியாவில் முடியும். கை கால் தானாக ஆடிக்கொண்டே புத்தியும் தளர்ந்தவர்கள் இருந்தால் ஹன்டிங்டன் நோயை நினைக்க வேண்டும். வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரை மீனவர்களிடம் நான்சி வெக்ஸ்லர் குழுவினர் 18,000-க்கும் மேற்பட்டோர் அடங்கிய வம்சாவளியைத் தொகுத்து, அதன் துணையோடு 1993-ல் அந்த மரபணுவைப் பிடித்தார்கள். ஹன்டிங்டனிலும் எஸ்சிஏ-1 நோயிலும் இன்னொரு விசேஷம் உண்டு. டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் மூன்றெழுத்துத் தொடர் தலைமுறைதோறும், குறிப்பாகத் தந்தை வழியாக இறங்கும்போது, நீளக்கூடும். அப்போது அப்பாவுக்கு ஐம்பதில் வந்தது மகனுக்கு நாற்பதிலேயே வரும்.

நாற்பது வயதுக்கு முன்பே பாம்பு கடித்தோ, பிரசவத்திலோ, விபத்திலோ இறந்தவர்களையும் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். நோய் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தது போலத் தோன்றுவது பெரும்பாலும் இவர்களால்தான். அவர்களிடம் மாற்றம் இருந்திருக்கும், வெளிப்படும் வயதுவரை அவர்கள் வாழவில்லை.

பரிசோதனை யாருக்கு, எப்போது?

மரபணுவுக்குப் போகும் முன் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களைப் பார்த்துவிட வேண்டும். வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு குறைவு, தலையில் அடிபட்டு மெதுவாகக் கசிந்த ரத்தக்கட்டு, மூளை நீர் தேக்கம், மனச்சோர்வு, குடி ஆகிய எல்லாமே மறதியாக வரலாம். ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் இவற்றில் பல தெரிந்துவிடும்.

அவை இல்லையென்று ஆகி, குடும்ப வரைபடமும் சந்தேகத்தைக் கூட்டினால், மரபணுப் பரிசோதனையை முதலில் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பயந்துபோன மகன் தன் ரத்தத்தைக் கொடுக்கிறார், ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு வருகிறது. அந்தக் குடும்பத்தின் நோய்க்கு எந்த மாற்றம் காரணம் என்றே தெரியாதபோது அந்த ‘ஒன்றும் இல்லை’ எதையும் உறுதிசெய்யாது. நோயாளியிடம் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் மற்றவர்களிடம் அதே மாற்றம் இருக்கிறதா, இல்லையா என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியும். அதனால், குடும்பம் இன்னும் முடிவெடுக்காவிட்டாலும், நோயாளி உயிரோடு இருக்கும்போதே அவருடைய டிஎன்ஏவைச் சேமித்துவைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுவைப்பது நல்லது.

பதில் எப்போதும் ஆம், இல்லை என்று வராது. ‘முக்கியத்துவம் தெரியாத மாற்றம்’ என்று ஒரு முடிவும் வரும். இந்தியர்களுக்கு அது கூடுதலாக வருவதற்குக் காரணம், உலகத் தரவுத்தளங்களில் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் மரபணுக்களே இருப்பது. இந்த இடைவெளி இப்போதுதான் நிரம்பத் தொடங்கியிருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. முதலில் குறிப்பிட்ட நாடு தழுவிய முதியோர் ஆய்வில் பங்கேற்ற 2,762 பேரின் மரபணுத் தொகுதிகளும் படிக்கப்பட்டுவிட்டன. பெங்களூரில் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸும் கூட்டு நிறுவனங்களும், ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்ட குடும்பங்களையே தேடி நீண்டகாலம் பின்தொடர்கின்றன. கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், 45 வயதைக் கடந்த கிராமத்தார் 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் திட்டத்தை நடத்துகிறது.

நோயில்லாத மகனோ மகளோ தனக்கு வருமா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், முதலில் மரபியல் ஆலோசகரிடம் பேச வேண்டும். தெரிந்துகொண்டால் என்ன செய்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள், வாழ்க்கைத்துணை என்ன நினைக்கிறார் என்றெல்லாம் பேசி, யோசிக்க அவகாசம் கொடுத்த பிறகே ரத்தம் எடுப்பது உலக வழக்கம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்தப் பரிசோதனை செய்வதில்லை. அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவெடுக்கட்டும் என்பதற்காக. தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் உண்டு. கேரல் ஜென்னிங்ஸ் வாழ்நாள் முழுக்க அல்சைமர் ஆய்வுக்காக உழைத்துக்கொண்டே அந்த உரிமையைப் பயன்படுத்தினார்.

நம் ஊரில் இந்தத் தகவலுக்கு வேறொரு பாரமும் இருக்கிறது. பெண் பார்க்க வருபவர்கள் காதில் விழுந்துவிட்டால் தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் நியாயமானது. அதை அலட்சியம் செய்யும் மருத்துவர் அந்தக் குடும்பத்தைத் திரும்பப் பார்க்கமாட்டார். வரைபடம் குடும்பத்தின் சொத்து, முடிவு அவரவருக்கு மட்டும் சொந்தம் என்ற ஒழுங்கை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டிலும் சிக்கல் வந்திருக்கிறது. மரபணுக் கோளாறு என்ற பெயரில் ஒட்டுமொத்தமாக மருத்துவக் காப்பீட்டை மறுப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று, ஓர் இதய நோயாளியின் வழக்கில் 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

எண்பதில் வந்தால்?

பெற்றோருக்கு எழுபத்தைந்து, எண்பது வயதில் மறதி வந்த வாசகர்களே அதிகம் இருப்பார்கள். அவர்கள் காதில் விழும் பெயர் ஏபிஓஇ. இந்த மரபணுவின் மூன்று வகைகளில் நான்காம் எண் இடப்பட்ட வகை ஆபத்தைக் கூட்டும் என்பது 1993-ல் தெரிந்தது. ஒரு பிரதி இருந்தால் இரண்டு முதல் நான்கு மடங்கு. இரண்டும் இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. ஆனாலும் அதைச் சுமந்துகொண்டு தொண்ணூறு வயதுவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு. அது இல்லாமலே நோய் வருபவர்களும் உண்டு. அதனால் ஆரோக்கியமானவர்கள் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளப் பொதுவாக மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளைக் கொடுக்கும் முன் மட்டும் இதைப் பார்க்கிறார்கள். நான்காம் வகை இரண்டு பிரதிகளும் உள்ளவர்களுக்கு அந்த மருந்துகளால் மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களையும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளத்தாக்கையும் விஜய் சந்திரா, மேரி கங்குலி குழுவினர் ஒப்பிட்டார்கள். 2000-ல் வெளியான முடிவின்படி, நான்காம் வகை அமெரிக்க மக்களிடம் 11 சதவீதமும் பல்லப்கரில் 7 சதவீதமுமாக இருந்தது. அல்சைமரும் பல்லப்கரில் குறைவு. ஆனால் அந்த வகை இருந்தவர்களுக்கு ஆபத்து கூடிய அளவு இரு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதுமையில் வரும் மறதியில் குடும்பத்தால் செய்யக்கூடியது நிறைய. கல்வி, காது, கண், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, காற்று மாசு, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் கணித்தது. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்குவதை 2013-ல் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் இருந்தது.

நடுவயதுப் பரம்பரை நோய்க்கும் வழி தேடும் வேலை நிற்கவில்லை. கொலம்பியக் குடும்பங்களில் 252 பேரிடம் நடந்த கிரெனிசுமாப் மருந்துச் சோதனை 2022-ல் பலனின்றி முடிந்தது. 2008-ல் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் இத்தகைய குடும்பங்களை இணைத்த டயன் ஆய்வு வலையத்திலிருந்து 2025 மார்ச்சில் ஒரு நம்பிக்கை வந்தது. அறிகுறி தெரியும் முன்பே தொடங்கி, சராசரியாக எட்டு ஆண்டுகள் அமிலாய்டை அகற்றும் மருந்து பெற்ற 22 பேரிடம், நோய் வெளிப்படும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சிறிய குழு என்பதால் இன்னும் பல சோதனைகள் வேண்டியிருக்கும். ஆனால் இந்தச் சோதனைகளில் சேரத் தகுதி பெறுபவர்கள், தங்கள் குடும்பத்தின் மாற்றம் எது என்று கண்டறியப்பட்டவர்கள் மட்டுமே.

குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து இந்தச் சந்தேகத்தோடு கிளம்பும் ஒரு குடும்பத்துக்கு புதுச்சேரி ஜிப்மரும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம். வேலூர் சிஎம்சியும் பெங்களூரு நிம்ஹான்ஸும் அதற்கடுத்த கட்டம். கையில் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம், ஒவ்வொருவருக்கும் முதல் தடுமாற்றம் தெரிந்த வயது, பழைய ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகள் இருக்க வேண்டும். நோயாளியோடு அன்றாடம் இருப்பவர் ஒருவரும், பெண்வழி உறவுகளைச் சொல்லத் தெரிந்த ஒருவரும் கூடப் போக வேண்டும். முதல் நாளில் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் அந்த இரண்டு பேரிடம்தான் இருக்கும்.